பிளாஸ்மா எட்ச்சிங் கருவி: முதன்முறையாக இயக்குபவர்களுக்கு

பிளாஸ்மா (மின்சாரத்தால் அயனிகளாகப் பிரிந்து ஒளிரும் வாயு) எரிந்துகொண்டிருக்கும் பத்து நிமிடம்தான் இந்தக் கருவியில் ஆபத்து குறைவான நேரம். மூடி இறுக்கமாக மூடியிருக்கும். வாயு முழுவதும் பம்ப் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும். ஏதாவது பிசகினால் இன்டர்லாக் தானாகவே நிறுத்திவிடும். கை சுடுவதும் தொண்டை எரிவதும் பம்ப் கெட்டுப்போவதும் பெரும்பாலும் அதற்கு முன்னாலோ பின்னாலோ நடப்பவை: சிலிண்டர் திறக்கும்போது, எண்ணெய் மாற்றும்போது, அவசரப்பட்டு மூடியைத் தூக்கும்போது. ஆகவே இந்தக் கட்டுரையில் அந்த நேரங்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

இங்கே எடுத்துக்கொள்ளும் கருவி ரியாக்டிவ் அயன் எட்ச்சிங், சுருக்கமாக ஆர்.ஐ.இ. லோட்லாக் (சேம்பரைத் திறக்காமல் வேஃபரை உள்ளே அனுப்பும் முன்னறை) இல்லாமல், மூடியைத் திறந்து நேரடியாக வேஃபரை, அதாவது அரிக்க வேண்டிய மெல்லிய தகட்டை, வைக்கும் வகை. பிளாஸ்மாலேப் 80 போன்ற கருவிகளைப் பல ஆய்வுக்கூடங்களில் பார்க்கலாம். வாயுக்கள்: ஆக்ஸிஜன், ஆர்கான், கார்பன் டெட்ராஃப்ளோரைடு, ட்ரைஃப்ளோரோமீத்தேன், சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு. குளோரின், போரான் ட்ரைகுளோரைடு ஓடும் கருவிக்கு இந்தக் கட்டுரை போதாது. அவற்றை லோட்லாக் இல்லாத கருவியில் ஓட்டவே கூடாது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

உதாரணமாக ஒரே ஒரு வேலையைக் கடைசிவரை பின்தொடர்வோம்: சிலிக்கான் வேஃபரின் மேல் உள்ள 300 நானோமீட்டர் சிலிக்கான் ஆக்ஸைடை, ஃபோட்டோரெசிஸ்ட் (ஒளியால் வடிவம் பதிக்கும் பூச்சு) முகமூடி வழியாக அரித்து எடுப்பது.

உள்ளே நடப்பது

இரண்டு உலோகத் தட்டுகள். கீழ்த்தட்டில் வேஃபர் இருக்கும், அதற்குத்தான் 13.56 மெகாஹெர்ட்ஸ் ஆர்.எஃப் (ரேடியோ அதிர்வெண்) மின்சாரம் போகிறது. எடை குறைந்த எலக்ட்ரான்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடும், கனமான அயனிகளால் முடியாது. அதனால் கீழ்த்தட்டில் எலக்ட்ரான்கள் சேர்ந்து, அது பிளாஸ்மாவைவிட 200 முதல் 400 வோல்ட் வரை எதிர்மின் நிலைக்கு இறங்கிவிடும். திரையில் 'டிசி பயஸ்' என்று தெரியும் எண் அதுதான். அந்த இறக்கத்தில் அயனிகள் நேர்செங்குத்தாக வேஃபர் மீது வந்து மோதுகின்றன. இதனால்தான் திரவத்தில் அரிப்பதுபோல் பக்கவாட்டில் தின்னாமல், நேராகக் கீழே அரிக்கிறது.

மோதல் மட்டும் போதாது, வாயு மட்டும் இருந்தாலும் போதாது. 1979-இல் ஐபிஎம்மின் கோபர்னும் விண்டர்ஸும் ஒரு சோதனையில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஃப்ளோரின் தரும் வாயுவைத் தனியாக விட்டபோதும், ஆர்கான் அயனிகளைத் தனியாக விட்டபோதும் சிலிக்கான் மெல்லத்தான் கரைந்தது. இரண்டையும் சேர்த்து விட்டபோது வேகம் பத்து மடங்குக்கு அருகே எகிறியது. உங்கள் ரெசிபியில் அழுத்தம், வாயு ஓட்டம், வாட் என மூன்று எண்களும் ஏன் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பதற்கு விடை இதுதான். அழுத்தத்தைக் கூட்டினால் வேதியியல் பக்கம் சாயும், குறைத்தால் மோதல் பக்கம்.

கருவிக்குப் பக்கத்தில் போகும் முன்

லேப் கோட், பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை. மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் கருவிப் பொறுப்பாளரிடம் சொல்லாமல் ஆர்.எஃப் கருவி இருக்கும் அறைக்குள் வரக்கூடாது. தனியாக ஓட்டாதீர்கள், கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரத்தில் இன்னொருவர் இருக்கட்டும்.

பிறகு கண்ணால் ஒரு சுற்று. அறையின் எக்ஸாஸ்ட் ஓடுகிறதா? ஆக்ஸிஜன் அளவு காட்டும் மானிட்டர் 20.9 சதவீதம் காட்டுகிறதா? 19.5-க்குக் கீழே போனால் அது அலாரம் அடிக்கும். அடித்தால் காரணம் தேடாமல் முதலில் வெளியே வந்துவிடுங்கள். நைட்ரஜனுக்கும் ஆர்கானுக்கும் வாசனை கிடையாது. சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு காற்றைவிட ஐந்து மடங்கு கனம் என்பதால் கசிந்தால் தரையோடும் கேபிள் குழிகளிலும் போய்த் தங்கும். குனிந்து தேடுவது அங்கே புத்திசாலித்தனம் ஆகாது.

சில்லர் (தட்டைக் குளிர்விக்கும் கருவி) 20 டிகிரியில் ஓடுகிறதா, அழுத்தக் காற்று 5 முதல் 6 பார் இருக்கிறதா, நைட்ரஜன் வருகிறதா என்று பாருங்கள். அழுத்தக் காற்றைப் புதியவர்கள் அலட்சியம் செய்வார்கள். வாயு வால்வுகளைத் திறந்து வைத்திருப்பதே அந்தக் காற்றுதான். அது நின்றால் அவை தாமாக மூடிக்கொள்ளும். பாதுகாப்புக்கு நல்லது, ஆனால் பாதி ஓட்டத்தில் நடந்தால் உங்கள் வேஃபர் போச்சு.

சிலிண்டர் அறையில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. 20 டிகிரியில் கேஜ் சுமார் 21 பார் காட்டும். முக்கால்வாசி தீர்ந்த பிறகும் அதே 21 பார்தான் காட்டும். திரவம் முழுக்கத் தீர்ந்த பிறகுதான் முள் இறங்கத் தொடங்கும். இதில் மீதி எவ்வளவு என்பதை எடை போட்டுத்தான் சொல்ல முடியும். கார்பன் டெட்ராஃப்ளோரைடும் ஆர்கானும் அப்படியில்லை. அவை வாயுவாகவே அடைக்கப்பட்டவை, கேஜை நம்பலாம். ஆக்ஸிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ பட்ட கையை வைக்கவே வைக்காதீர்கள். எந்த வால்வையும் மெதுவாக, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு திறக்க வேண்டும்.

பம்பும் அதன் எண்ணெயும்

இந்தக் கருவியின் நோய்களில் பாதி, தரையில் உட்கார்ந்திருக்கும் ரோட்டரி பம்பிலிருந்துதான் தொடங்குகிறது. வேஃபர் இருக்கும் சேம்பரை எல்லாரும் துடைப்பார்கள். பம்ப் சத்தம் போட்டால்தான் அதன் பக்கம் திரும்புவார்கள்.

முதல் கேள்வி: உள்ளே என்ன எண்ணெய்? சாதாரண மினரல் எண்ணெய் ஊற்றிய பம்பில் 25 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் உள்ள வாயுவை இழுத்தால் அது வெடிக்கலாம். எட்ச்சிங் கருவியில் சேம்பரைச் சுத்தம் செய்ய நூறு சதவீத ஆக்ஸிஜனே ஓடும். எனவே இங்கே பி.எஃப்.பி.இ வகை எண்ணெய் மட்டுமே. ஃபாம்ப்ளின், கிரைட்டாக்ஸ் என்ற பெயர்களில் வரும். ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.9 கிலோ இருக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். இரண்டு எண்ணெயும் ஒன்றோடொன்று கரையாது. மினரல் எண்ணெய் இருந்த பம்பில் அதை வடித்துவிட்டு இதை ஊற்றினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பம்பைப் பிரித்துக் கழுவி, சீல்களையும் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அதை நிறுவனத்தின் சர்வீஸ் ஆளிடமே விடுங்கள்.

பி.எஃப்.பி.இ எண்ணெய் எளிதில் எதனோடும் வினைபுரியாது, தீப்பற்றாது. ஆனால் சுமார் 290 டிகிரிக்கு மேல் சூடானால் சிதைந்து நச்சுப்புகை தரும். எண்ணெய் பட்ட கையோடு சிகரெட் பிடிப்பவர் அந்த நச்சை நெருப்பிலிட்டு நேரடியாக உள்ளிழுக்கிறார் என்று அர்த்தம்.

இரண்டாவது கேள்வி: பழைய எண்ணெயில் என்ன இருக்கிறது? ஃப்ளோரின் வாயுக்கள் ஓடிய பம்பின் எண்ணெயில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமும் ஃப்ளோரைடு உப்புகளும் சேர்ந்திருக்கும். புதியவர்கள் எண்ணெய் மாற்றக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். மாற்றுபவர்கள் நைட்ரைலின் மேல் தடித்த நியோப்ரீன் கையுறை, முகக்கவசம், ஏப்ரன் அணிந்து, எக்ஸாஸ்ட் ஓடும்போது, பம்ப் ஆறிய பிறகு செய்வார்கள். வடித்த எண்ணெய் பிளாஸ்டிக் கலனில், 'ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கலாம்' என்ற லேபிளோடு வேதிக் கழிவுக்குப் போக வேண்டும். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம்; ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் கண்ணாடியைத் தின்னும்.

உங்கள் வேலை தினமும் மூன்றைப் பார்ப்பதுதான். சைட் கிளாஸில் எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா, பம்புக்குள் போகும் நைட்ரஜன் பர்ஜ் ஓடுகிறதா, சத்தம் நேற்றுப்போலவே இருக்கிறதா. நைட்ரஜன் பர்ஜை 'பேஸ் பிரஷர் (வாயு விடும் முன் பம்ப் எட்டும் அழுத்தம்) குறையவில்லை' என்று சொல்லி மூடுகிறவர்கள் உண்டு. அப்படி மூடினால் அமில ஆவி எண்ணெயிலேயே தங்கி, சில மாதங்களில் பம்ப் உள்ளிருந்து அரிபடும். பம்ப் எக்ஸாஸ்ட் குழாயில் வெள்ளைப் பொடி சேர்ந்து அடைத்திருந்தால் உடனே சொல்லுங்கள்.

எதை உள்ளே வைக்கக் கூடாது

ஈயம், துத்தநாகம், காட்மியம் உள்ளவை வெற்றிடத்தில் ஆவியாகிச் சுவரெங்கும் படியும். செம்பின் ஃப்ளோரைடும் குளோரைடும் ஆவியாகாது. அரிபடாமல் அங்கேயே கிடந்து, பிறகு வருபவரின் வேஃபரில் ஒட்டும். சோடாலைம் கண்ணாடித் தகடு சோடியத்தைக் கசியவிடும். டிரான்சிஸ்டர் செய்பவர்களுக்கு அது விஷம். சரியாகச் சுடாத ரெசிஸ்ட், செல்லோ டேப், கார்பன் டேப் இவற்றுக்கும் இடமில்லை. சந்தேகம் இருந்தால் பொறுப்பாளரிடம் கேளுங்கள். 'சின்னத் துண்டுதானே' என்று வைத்த பிறகு கேட்பதில் பயனில்லை.

நம் உதாரணத்துக்கு 1.2 மைக்ரோமீட்டர் ரெசிஸ்ட் பூசி, டெவலப் செய்து, 110 முதல் 115 டிகிரியில் இரண்டு நிமிடம் ஹார்டு பேக் செய்திருக்க வேண்டும். பேக் செய்யாத ரெசிஸ்ட் சேம்பரில் குமிழ்விட்டுச் சுருங்கும். வேஃபர் சிறு துண்டாக இருந்தால், அதைத் தாங்கும் கேரியர் வேஃபரில் ஒரு பொட்டு வெற்றிட எண்ணெய் தடவி ஒட்டுங்கள். சும்மா வைத்தால் வெற்றிடத்தில் வெப்பம் கீழே கடத்தப்படாது. துண்டு சூடேறி ரெசிஸ்ட் கருகும். எண்ணெய் விளிம்புக்கு வெளியே பிதுங்கக் கூடாது. பிதுங்கினால் அது பிளாஸ்மாவில் பட்டு வேஃபர் மீது படியும்.

சுத்தம், சீசனிங், கசிவுச் சோதனை

உங்களுக்கு முன்னால் யார் என்ன ஓட்டினார்கள் என்று லாக்புக்கில் பாருங்கள். காலி சேம்பரில் ஆக்ஸிஜன் 50 எஸ்சிசிஎம் (நிமிடத்துக்கு இத்தனை கன செ.மீ என்ற வாயு ஓட்ட அளவு), 100 மில்லிடார் (அழுத்த அளவு), 200 வாட், 10 நிமிடம் ஓட்டினால் சுவரில் படிந்த கார்பன் பாலிமர் எரிந்துபோகும். முந்தையவர் ட்ரைஃப்ளோரோமீத்தேன் நீண்ட நேரம் ஓட்டியிருந்தால் 20 நிமிடம். பிறகு ஒரு பழைய வேஃபரை வைத்து உங்கள் ரெசிபியையே 5 நிமிடம் ஓட்டுங்கள். இதுதான் சீசனிங். சுவர் புதிதாகச் சுத்தமாக இருந்தால் முதல் சில நிமிடம் எட்ச் வேகம் வேறாக இருக்கும்; அந்த ஏற்ற இறக்கம் பழைய வேஃபரோடு போகட்டும்.

இப்போது நைட்ரஜன் விட்டுத் திறந்து, வேஃபரைத் தட்டின் நடுவில் வைத்து, ஓ-ரிங்கை ஒரு தடவை பார்த்து, மூடுங்கள். ஒரே ஒரு தலைமுடி ஓ-ரிங்கின் மேல் கிடந்தாலும் வெற்றிடம் பிடிக்காது. ஓ-ரிங்கைத் துடைக்க ஐசோபுரொப்பனால் தொட்ட துணி போதும். அசிட்டோன் வேண்டாம், விட்டான் ரப்பர் அதில் உப்பிவிடும்.

சேம்பர் 0.05 மில்லிடாருக்குக் கீழே இறங்கும்வரை காத்திருங்கள். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் இதற்கு அதிக நேரம் பிடிக்கும். திறந்திருந்தபோது சுவரில் ஒட்டிய ஈரம்தான் காரணம், பம்ப் பழுதல்ல. எனவே மூடியைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டிருக்காதீர்கள்.

பிறகு கசிவுச் சோதனை. வேலை அதிகமுள்ள நாட்களில் எல்லாரும் தவிர்ப்பது இதைத்தான். பம்புக்கும் சேம்பருக்கும் இடையிலுள்ள வால்வை மூடி ஐந்து நிமிடம் அழுத்தம் ஏறுவதைக் குறியுங்கள். ஒரே சீராக ஏறிக்கொண்டே போனால் வெளியிலிருந்து காற்று வருகிறது. முதலில் வேகமாக ஏறிப் பிறகு தளர்ந்தால் அது சுவரிலிருந்து வரும் ஈரம். இன்னும் பம்ப் செய்தால் சரியாகும். நிமிடத்துக்கு 1 மில்லிடாருக்குள் இருந்தால் ஃப்ளோரின் வேலைக்கு ஏற்றுக்கொள்ளலாம். அந்த எண்ணின் பொருள் என்ன? 30 லிட்டர் சேம்பரில் நிமிடத்துக்கு 1 மில்லிடார் என்பது ஏறக்குறைய 0.04 எஸ்சிசிஎம் காற்று. நீங்கள் விடப்போகும் 50 எஸ்சிசிஎம் வாயுவில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே கசிவு நிமிடத்துக்கு 20 மில்லிடார் என்றால் 0.8 எஸ்சிசிஎம், ரெசிபியில் எழுதாத வாயு ஒன்று கலந்துவிட்டது என்று பொருள். அப்போது ஓட்டாதீர்கள்.

எந்த கேஜ் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிரானி கேஜ் வாயுவின் வெப்பக் கடத்தலை வைத்து அளப்பது. ஆர்கான் நிரம்பினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ரெசிபி ஓடும்போது நம்ப வேண்டியது கெப்பாசிட்டன்ஸ் மேனோமீட்டரை. அதற்கு எந்த வாயுவும் ஒன்றே.

ரெசிபி, பற்றவைத்தல்

நம் ஆக்ஸைடுக்கான தொடக்க ரெசிபி: ட்ரைஃப்ளோரோமீத்தேன் 25, ஆர்கான் 25 எஸ்சிசிஎம், 30 மில்லிடார், 200 வாட், தட்டு 20 டிகிரி. ஏன் இந்த வாயு? அது ஃப்ளோரினையும் தருகிறது, கார்பன் படலத்தையும் தருகிறது. ஆக்ஸைடின் மேல் விழும் கார்பனை ஆக்ஸைடுக்குள் இருக்கும் ஆக்ஸிஜனே எரித்துவிடும். கீழே சிலிக்கான் வெளிப்பட்டதும் எரிக்க ஆக்ஸிஜன் இல்லை. படலம் தங்கி வேகத்தைக் குறைக்கும்.

ஆய்வுக் கட்டுரையிலிருந்து வாட் எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். 24 செ.மீ விட்டமுள்ள தட்டில் 200 வாட் என்றால் சதுர செ.மீட்டருக்கு 0.44 வாட். அதே 200 வாட் 17 செ.மீ தட்டில் 0.88, அதாவது இரண்டு மடங்கு. கட்டுரை எழுதியவரின் தட்டு எவ்வளவு பெரியது என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

முதலில் வாயுவை மட்டும் விட்டு ஒரு நிமிடம் நிலைக்கவிடுங்கள். கேட்ட ஓட்டமும் வரும் ஓட்டமும் 2 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். 100 எஸ்சிசிஎம் ஃப்ளோ கன்ட்ரோலரில் 3 எஸ்சிசிஎம் கேட்டால் அது தரும் எண்ணை நம்ப முடியாது. அதன் முழு அளவில் ஐந்து சதவீதத்துக்குக் கீழே கேட்காதீர்கள்.

பிறகு ஆர்.எஃப். ஜன்னலில் ஒளி தெரிந்ததும் உடனே பார்க்க வேண்டியது ரிஃப்ளெக்டட் பவர். ஜெனரேட்டரின் மின்சாரத்தைப் பிளாஸ்மாவுக்கு ஏற்றபடி பொருத்தும் மாச்சிங் யூனிட்டுக்குள் இருக்கும் இரண்டு மாறும் கெப்பாசிட்டர்கள் நகர்ந்து, சில விநாடிகளில் அது 5 வாட்டுக்குள் இறங்க வேண்டும். 20 வாட்டுக்கு மேலேயே நின்றால் நிறுத்திவிடுங்கள். அந்த மின்சாரம் பிளாஸ்மாவுக்குப் போகாமல் ஜெனரேட்டருக்கே திரும்புகிறது. மாச்சிங் யூனிட்டின் உறையை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். ஆர்.எஃப் தீப்புண் மேல்தோலில் சிறு புள்ளியாகத் தெரியும். உள்ளே ஆழமாக வெந்திருக்கும். ஜன்னலில் முகத்தை ஒட்டி உற்றுப் பார்க்க வேண்டாம், புற ஊதாக் கதிர் வரும். வடிகட்டி போட்ட கண்ணாடி வழியாக ஒரு பார்வை போதும்.

இப்போது நேரக் கணக்கு. எட்ச் வேகம் நிமிடத்துக்கு 35 நானோமீட்டர் என்று சீசனிங் வேஃபரில் அளந்திருந்தால், 300-க்கு எட்டரை நிமிடம். கூடுதலாக 10 சதவீதம் சேர்த்து ஒன்பதரை நிமிடம். ரெசிஸ்ட் நிமிடத்துக்கு 15 போனால் மொத்தம் சுமார் 140 நானோமீட்டர் இழக்கும். நம்மிடம் 1,200 இருக்கிறது, கவலையில்லை. மூன்று மூன்று நிமிடமாகப் பிரித்து, நடுவில் ஒரு நிமிடம் ஆர்.எஃப்பை நிறுத்தி ஓட்டினால் ரெசிஸ்ட் சூடாகாது. பிறகு கழற்றுவதும் சுலபம்.

லேசர் இன்டர்ஃபெரோமீட்டர் இருந்தால் கடிகாரத்தைவிட அதை நம்பலாம். 670 நானோமீட்டர் லேசரில் ஆக்ஸைடு 229 நானோமீட்டர் குறையும்போது ஒரு அலை முழுமையாகும். 300 என்றால் ஒன்றேகால் அலைக்குச் சற்றுமேல். அதன்பின் கோடு தட்டையாகிவிட்டால் ஆக்ஸைடு தீர்ந்துவிட்டது.

சரியாக வராதபோது

பிளாஸ்மா பற்றவில்லை என்றால் பெரும்பாலும் அழுத்தம் மிகக் குறைவு. 60 முதல் 80 மில்லிடாரில் பற்றவைத்து, இரண்டு விநாடி கழித்து 30-க்கு இறக்கும் ஒரு படியை ரெசிபியில் சேருங்கள். வாட்டை ஏற்றி ஏற்றிப் பற்றவைக்கப் பார்க்காதீர்கள்.

நிறம் ஒரு நல்ல தகவல். ஆக்ஸிஜன் சுத்தம் செய்யும்போது வெளிறிய ஒளி வர வேண்டும். அது இளஞ்சிவப்பு ஊதாவாக இருந்தால் நைட்ரஜன், அதாவது காற்று, உள்ளே வந்துகொண்டிருக்கிறது. தட்டின் ஓரத்திலோ வாயு துளைகளிலோ ஒரே இடத்தில் பளிச்சென்று மின்னினால் ஆர்க், உடனே நிறுத்துங்கள்.

டிசி பயஸ் வழக்கமாக 350 வோல்ட் வரும் ரெசிபியில் இன்று 200-தான் என்றால் ஏதோ மாறியிருக்கிறது: சேம்பர் அழுக்கு, வேறு கேரியர், ஆர்.எஃப் இணைப்பு தளர்வு. எட்ச் வேகம் குறைந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட, இந்த எண்ணை ஒவ்வொரு ஓட்டத்திலும் எழுதிவைத்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். எங்களைக் கேட்டால், லாக்புக்கில் ஒரே ஒரு எண்தான் எழுத முடியும் என்றால் இதைத்தான் எழுதச் சொல்வோம்.

அரித்த இடத்தில் மைக்ரோஸ்கோப்பில் புல்வெளிபோல் ஊசிகள் தெரிந்தால், எங்கிருந்தோ தெறித்த அலுமினியத் துகள்கள் குட்டி முகமூடிகளாக விழுந்திருக்கின்றன. அலுமினியத் தட்டு வெறுமையாக அயனிக்கு வெளிப்பட்டிருந்தால் அதை குவார்ட்ஸ் தகட்டால் மூடி ஓட்டுங்கள்.

மூடியைத் திறப்பது

ஓட்டம் முடிந்ததும், சேம்பரை வெளி அழுத்தத்துக்குக் கொண்டுவரும் வென்ட் பொத்தானுக்குக் கை போகும். பொறுங்கள். சேம்பர் சுவரிலும் வேஃபரிலும் ஃப்ளோரின் கலந்த படிவுகள் இருக்கின்றன. காற்றின் ஈரம் பட்டால் அவற்றிலிருந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வரும். வாயுக்களை மூடி ஐந்து நிமிடம் பம்ப் செய்யுங்கள். பிறகு நைட்ரஜனை விட்டுப் பம்ப் செய்வதை மூன்று முறை. அதன் பிறகே வென்ட்.

மூடி தூக்க வராவிட்டால் நெம்பாதீர்கள். 30 செ.மீ விட்டமுள்ள மூடியின் மேல் வெற்றிடத்தின்போது காற்று அழுத்துவது சுமார் 730 கிலோ எடைக்குச் சமம். கடைசி 10 டார் வித்தியாசம் மிச்சமிருந்தால்கூட 9 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஒரு நிமிடம் காத்திருந்தால் தானே விடும்.

திறந்ததும் ஒரு பக்கமாக விலகி நின்று ஒரு நிமிடம் எக்ஸாஸ்ட் இழுக்கட்டும். மோந்து பார்க்காதீர்கள். வேஃபரை இடுக்கியால் எடுங்கள். சுவரில் பழுப்புப் படலமோ வெள்ளைப் பொடியோ கண்டால் புதியவர்கள் துடைக்க வேண்டாம். துடைக்கும் துணிகூட மூடிய பையில் வேதிக் கழிவாகத்தான் போகும்.

ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் தோலில் பட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. நீர்த்த அமிலத்தின் வலி பல மணி நேரம் கழித்து வரும், அதற்குள் உள்ளே இறங்கியிருக்கும். பட்ட துணியைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் ஐந்து நிமிடம் கழுவி, 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைக் கையுறையோடு தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவரிடம் அமிலத்தின் பெயரைச் சொல்லுங்கள். சாதாரண அமிலப் புண்ணுக்கும் இதற்கும் சிகிச்சை வேறு. ஜெல் எங்கே இருக்கிறது, காலாவதி எப்போது என்று முதல் நாளே பார்த்துவையுங்கள்.

அவசரப் பொத்தான், மின்தடை

புகை, வாயு அலாரம், கருவிக்குள் தண்ணீர், யாருக்காவது ஷாக் என்றால் சிவப்பு அவசரப் பொத்தானை அழுத்திவிட்டு வெளியேறுங்கள். பொத்தான் ஆர்.எஃப்பை நிறுத்தும், வாயு வால்வுகளை மூடும். ஆனால் சேம்பருக்குள் இருக்கும் வாயு அங்கேயே இருக்கும், சேம்பரை உயர் வெற்றிடத்துக்கு இறக்கும், மிக வேகமாகச் சுழலும் டர்போ பம்ப் இன்னும் பல நிமிடம் சுழன்றுகொண்டிருக்கும். திரும்பி வந்து நீங்களே ரீசெட் செய்யக் கூடாது. சுழலும் டர்போ உள்ள கருவியைத் தள்ளுவதோ அசைப்பதோ ஆகாது.

மின்தடை இதைவிட அடிக்கடி வரும். ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில விநாடிகளே கருவியை நிறுத்தப் போதும். மின்சாரம் திரும்பியதும் பலர் நேராக 'ஸ்டார்ட்' அழுத்துகிறார்கள். அதற்கு முன் வரிசை இது: அறை எக்ஸாஸ்ட் மறுபடி ஓடுகிறதா என்று வாசலிலிருந்தே பாருங்கள், ஓடவில்லை என்றால் உள்ளே போகாதீர்கள். பிறகு சில்லர், அழுத்தக் காற்று, நைட்ரஜன். சிலிண்டர்களை மூடுங்கள். ரோட்டரி பம்பின் சைட் கிளாஸைப் பாருங்கள். எண்ணெய் மட்டம் திடீரென்று இறங்கியிருந்தால் அது வெற்றிடக் குழாய்க்குள் மேலேறியிருக்கலாம், பம்பைத் தொடாமல் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். எல்லாம் சரியென்றால் பம்பைத் தொடங்கிப் பத்து நிமிடம் இழுக்கவிட்டு, மூன்று முறை நைட்ரஜன் பர்ஜ் செய்து, வேஃபரை வெளியே எடுங்கள். மீதி நேரத்தைக் கணக்கிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாம். எத்தனையாவது விநாடியில் நின்றது என்று யாருக்கும் தெரியாது. மீதமுள்ள ஆக்ஸைடு தடிமனை எலிப்சோமீட்டரில் அளந்து, அந்த எண்ணை வைத்துப் புதிதாக நேரம் போடுங்கள். சேம்பருக்கு மீண்டும் கசிவுச் சோதனையும் ஐந்து நிமிட சீசனிங்கும் வேண்டும்.